உருளை ஓய்வும் எரி பொய்த்தலும்: ஒரு மறுப்பு, இரண்டு பரிந்துரைகள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் சொல்லடைவில் சிலிண்டர் டிஆக்டிவேஷனுக்கு, அதாவது ஓடும் எஞ்சினில் சில உருளைகளைக் (சிலிண்டர்களை) கணினியே சற்று நேரம் நிறுத்திவைப்பதற்கு, 'உருளைச் செயலிழப்பு' என்று போன வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதைத் தாமதமாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாக இதே அமைப்புள்ள ஒரு பிக்கப் டிரக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் என் மறுப்பு விளங்கும்.

வண்டி இங்கே டெக்சாஸில் ஒரு நண்பருடையது, 8 உருளை எஞ்சின். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரியாது. சின்ன மேடு வந்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் நாலைந்து நொடி வண்டி உலுக்கும், எஞ்சின் விளக்கு கண்சிமிட்டும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இரண்டு நாள் வரும், மூன்று நாள் வராது. பட்டறைக்குக் கொண்டுவந்த அன்று கட்டாயம் வராது.

நாமக்கல்லில் லாரிப் பட்டறை நடத்தும் என் சித்தப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். நம் குழுவின் சொல்லையே பயன்படுத்திப் பார்ப்போம் என்று, "சித்தப்பா, இந்த வண்டியில உருளைச் செயலிழப்புன்னு ஒண்ணு இருக்கு" என்றேன். "செயலிழந்துபோச்சுன்னா பிரிச்சுப் பாக்க வேண்டியதுதானேப்பா, இதுல என்ன யோசனை?" என்றார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. சிறுநீரகம் செயலிழந்தது என்கிறோம். தமிழில் செயலிழந்தது என்றால் கெட்டுப்போனது. நல்ல நிலையில் இருக்கும் உருளை, கணினி சொன்னதால் வேலையை நிறுத்தியிருப்பதற்கு இந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால், நிஜமாகவே கெட்டுப்போன உருளையை என்னவென்று சொல்வது? இந்த எஞ்சின்களில் கோளாறு பார்ப்பதே அந்த இரண்டையும் பிரித்தறியும் வேலைதான்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி சுமையில்லாமல் சீராக ஓடும்போது, எட்டில் நான்கு உருளைகளுக்கு எரிபொருள் நின்றுவிடும், அவற்றின் வால்வுகள் மூடியே இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் வி-8 எஞ்சின்களிலும் கிரைஸ்லரின் 5.7 லிட்டர் ஹெமியிலும் இப்படி நிற்பவை 1, 4, 6, 7. ஏன் அந்த நான்கு என்பது எரிவரிசையை, அதாவது உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசையைப் பார்த்தால் புரியும். ஜெனரல் மோட்டார்ஸில் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஹெமியில் 1-8-4-3-6-5-7-2. இரண்டிலும் ஒன்றுவிட்டு ஒன்று நிற்கிறது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 90 பாகை திரும்பும்போதெல்லாம் ஒரு எரிப்பு என்றிருந்தது 180 பாகைக்கு ஒன்று என்றாகிறது. தாளம் பாதியாகிறது, ஆனால் கெடவில்லை.

அந்த நான்கு உருளைகளின் டேப்பெட்டுகள், அதாவது சுழலும் கேம் தண்டின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் பாகங்கள், தனி வகை. உள்ளே ஓர் உடல், வெளியே ஓர் உடல், இரண்டையும் பிணைக்கும் சின்னஞ்சிறு பூட்டூசிகள். எண்ணெய் அழுத்தம் வந்து ஊசிகளை உள்ளே தள்ளினால் பிணைப்பு விடுபடும். கேம் சுழன்றுகொண்டே இருக்கும், வெளியுடல் ஏறி இறங்கும், வால்வு மட்டும் அசையாது. அழுத்தம் போனதும் ஸ்பிரிங் ஊசிகளை வெளியே தள்ளிப் பூட்டிவிட வேண்டும்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

'உருளை முடக்கம்' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். வங்கிக் கணக்கை முடக்கினார்கள், சொத்தை முடக்கினார்கள் என்ற வழக்கில் அதிகாரத்தின் தடை தெரிகிறது. முடக்குவாதமும் கூடவே நினைவுக்கு வருகிறது. 'உருளை உறக்கம்' அழகான சொல்தான். ஆனால் கணினிக்கு உறக்கநிலை என்று ஏற்கெனவே வழங்குகிறோம், அங்கே எல்லாமே நின்றுவிடும். இங்கே பிஸ்டன் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது, அடைபட்ட வாயுவை அழுத்திவிட்டுக்கொண்டு.

நான் கேட்பது 'உருளை ஓய்வு'. ஓய்வு என்றாலே திரும்பி வருவது அதில் அடங்கியிருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர் திரும்புவதில்லையே என்று யாராவது கேட்கலாம், நியாயமான கேள்வி. அதனால் வினையாகச் சொல்லும்போது 'ஓய்வு பெறுகிறது' என்று எழுதாமல் 'ஓய்வெடுக்கிறது' என்றே எழுதுவோம். அந்த வண்டியில் நோய் இருந்த இடமும் அதுதான்: ஓய்வெடுக்கும்போது ஒன்றுமில்லை, ஓய்விலிருந்து திரும்பும்போதுதான் உலுக்கல்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2019 சில்வராடோவில் கொண்டுவந்த அமைப்பில் எந்த உருளையும் நிற்கலாம், 17 விதமான வரிசைகள் இருக்கின்றன. அதை 'முறை ஓய்வு' எனலாம். முறைப்பாசனம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். எப்போதும் அதே நான்கு என்றால் 'நிலை ஓய்வு'. நிறுவனங்கள் வைத்த பெயர்களை மொழிபெயர்க்கப் போக வேண்டாம் என்பதும் என் கருத்து. டிஸ்பிளேஸ்மென்ட் ஆன் டிமாண்ட் என்றார்கள், பிறகு ஆக்டிவ் ஃபியூயல் மேனேஜ்மென்ட் என்றார்கள், ஹோண்டா வேறு பெயர் சொல்கிறது. 1981-இல் காடிலாக் எட்டு-ஆறு-நான்கு என்றே பெயர் வைத்து விற்றது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், நடக்கும் வேலை ஒன்றுதான்.

அடுத்தது மிஸ்ஃபயர், அதாவது எரிய வேண்டிய முறையில் உருளை எரியாமல் போவது. நம் பட்டறைகளில் "மிஸ் அடிக்குது", "மிஸ்ஸிங் இருக்கு" என்பார்கள், அது அப்படியே வாழட்டும். எழுத்துக்கு என்ன? 'தவறான எரிதல்' என்றால் வேண்டாத நேரத்தில் எரிந்தது என்று ஆகிவிடும், அது வேறு நோய். தோழி ஒருவர் 'எரி நமத்தல்' என்று எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். தீபாவளிக்கு மறுநாள் நமத்துப்போன பட்டாசு கண்முன் வந்தது. ஆனால் நமத்தல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மிஸ்ஃபயருக்குக் காரணம் தீப்பொறியாக இருக்கலாம், எரிபொருளாக இருக்கலாம், அமுக்கமாக இருக்கலாம்.

என் பரிந்துரை 'எரி பொய்த்தல்'. பருவமழை பொய்த்தது என்கிறோம். வர வேண்டிய காலத்தில், வரும் என்று காத்திருந்தபோது, வரவில்லை. எஞ்சின் கணினியும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. கிராங்கின் வேகத்தை ஒரு உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். முறை வந்த உருளை எரியாவிட்டால் கிராங்க் அந்தக் கணம் சற்றுத் தளரும், கணினி அதை அந்த உருளையின் பெயரில் எழுதிக்கொள்ளும். ஓய்வெடுக்கும் உருளையிலும் எரிப்பு இல்லைதான். ஆனால் அங்கே கணினி எரிப்பை எதிர்பார்க்கவில்லை, ஆகவே பொய்த்ததாக எண்ணாது. கோடையில் மழை இல்லாவிட்டால் பருவமழை பொய்த்தது என்று நாமும் சொல்வதில்லை.

இன்டர்மிட்டென்ட், அதாவது கோளாறு விட்டுவிட்டு வருவதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல் எல்லோருக்கும் தெரியும்.

சொற்கள் தாங்குமா என்று அந்த வண்டியின் கதையை இவற்றிலேயே எழுதிப் பார்த்தேன்:

"பிழைக்குறி பி0307, அதாவது 7-ஆம் உருளையில் எரி பொய்க்கிறது. 7 ஓய்வெடுக்கும் உருளை, 5 ஓய்வெடுக்காத உருளை. தீப்பொறி தரும் 7-இன் காயிலையும் பிளக்கையும் 5-க்கு மாற்றினேன். பொய்ப்பு 7-லேயே தொடர்ந்தது, ஆக தீப்பொறியில் குறையில்லை. ஓய்வைத் தடுக்கும் கருவியைச் செருகி மூன்று நாள் ஓட்டினேன், ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை. எண்ணெய் அளவு குறைவாக இருந்தது. புது எண்ணெய் ஊற்றி, எண்ணெய் வழியிலிருந்த சல்லடையையும் மாற்றியபின் அடிக்கடி வந்தது அருகிற்று, நிற்கவில்லை. கடைசியில் ஸ்கேன் கருவியால் நான்கு உருளைகளையும் ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்பித் திரும்ப அழைத்தேன். 1, 4, 6 உடனே திரும்பின. 7 மட்டும் சில நொடி பொய்த்துவிட்டுத் திரும்பியது."

உருளைகளின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி டேப்பெட்டுகளை மேசையில் வைத்தோம். நல்ல டேப்பெட்டின் ஊசியை மெல்லிய கம்பியால் அழுத்திவிட்டேன், டிக் என்று வெளியே வந்தது. 7-இன் டேப்பெட்டில் ஊசி பாதி வழியில் நின்று, அப்புறம் மெதுவாக நகர்ந்தது. ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. நண்பர் அதைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

அன்றிரவு சித்தப்பாவிடம், "ஓய்வுல இருந்து திரும்பும்போது எரி பொய்க்குது, டேப்பெட் ஊசி ஒட்டிக்கிச்சு" என்றேன். "அப்ப எண்ணெயை ஒழுங்கா மாத்தலை" என்றார், உடனே.

டேப்பெட்டுக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. 'தூக்கி' என்றால் பாரந்தூக்கியோடு குழம்பும், 'தட்டி' என்றால் மூங்கில் தட்டி நினைவுக்கு வரும். 'பூட்டூசி' சரிதானா என்றும் பாருங்கள். யாரிடமாவது பட்டறை வழக்கிலிருந்து ஒரு சொல் இருந்தால் எழுதுங்கள். சொல்லடைவில் அந்த ஒரு வரியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்.