வாழை இலைக்கு அடியில் சிலந்திப்பிடிப்பான் கூடு

களக்காட்டிலிருந்து:

தேன்சிட்டின் தொங்கும் கூட்டைப் பார்த்ததைப் பற்றி அண்ணாச்சி ஒருவர் முன்பு எழுதியிருந்தார். அதே குடும்பத்துப் பறவைதான் சின்னச் சிலந்திப்பிடிப்பான். ஆனால் கூடு கட்டும் விதமே வேறு. களக்காட்டு மலையில் செங்கல்தேரிக்குப் போகும் வழியில், ஓடைக்கரையில் நின்ற காட்டு வாழையில் அதைப் பார்த்தேன்.

பறவை சுமார் 16 செ.மீ. இருக்கும். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு, வாழைப்பூ மடலுக்குள் நுழைத்துத் தேன் குடிக்கத் தோதானது. கத்திக்கொண்டே விருட்டென்று பறக்கும், சரியாகப் பார்ப்பதற்குள் மறைந்துவிடும். அன்று வாயில் நூலாம்படையோடு வந்து, திரும்பத் திரும்ப ஒரே இலைக்கு அடியில் நுழைந்தது.

இலையின் மேல்புறம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்ன முடிச்சுகள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மெத்தை தைக்கிறவர்கள் இடையிடையே குத்தி முடிச்சுப் போடுவார்களே, அந்த வேலைதான். இலையை அலகால் துளைத்து, சிலந்தி நூலையும் நாரையும் மேலே தள்ள, நுனி திரண்டு முடிச்சாக நிற்கிறது. ஒரு கூட்டுக்கு ஏறத்தாழ 150 முடிச்சு இருக்கும். சிலந்தி நூல் இழுபடுமே தவிர லேசில் அறாது. காற்றில் இலை ஆடினால் கூடும் சேர்ந்து ஆடும். இலையேதான் கூரை. சருகும் நாரும் சுவர், நுழைய ஓரத்தில் வழி.

வழக்கமாக இரண்டு முட்டை. நான் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் பார்க்க வேண்டாம், இலையை வளைத்தால் முடிச்சுகளுக்குத்தான் முதலில் கேடு.

தேன்சிட்டில் பெரும்பாலும் பெட்டைதான் அடைகாக்கும். இதில் சேவலும் சேர்ந்து உட்காரும். சேவலுக்கு மார்போரம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு இறகுக் கற்றை உண்டு. சிறகு அதை மூடிவிடுவதால் சேவலும் பெட்டையும் ஒன்றுபோலவே தெரியும்.

மலையில் வாழை வைத்திருக்கிறவர்கள் இலை கழிக்கும் முன் மேல்புறத்தைப் பாருங்கள். முடிச்சு தெரிந்தால் அந்த ஓர் இலையை மட்டும், குஞ்சு பறக்கும்வரை விட்டுவையுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணே, மலையில் ஊத்து தேயிலை எஸ்டேட்டில் இருந்த காலத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் நின்ற வாழையில் இந்தப் பறவை குஞ்சு பொரித்தது. இரை கொண்டுவருவதை அம்மாவும் நானும் வாசற்படியில் இருந்து பார்ப்போம். தேன் குடிக்கிற பறவைதான், ஆனால் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். வலையின் முன்னால் சிறகடித்து நின்றபடியே சிலந்தியைக் கொத்திக்கொண்டு போகும். எங்கள் பின்பக்கச் சுவரில் அம்மா அதன் பிறகு ஒட்டடை அடிக்கவே விடவில்லை. நூலும் அங்கே, இரையும் அங்கே.