உட்கார்வதும் மரியாதைதான்: தென்னாப்பிரிக்கத் தமிழரின் டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
நேர்காணல் குழுவில் நானும் ஒருவன். உள்ளே வந்த ஜூலு இன இளைஞர் யாரும் சொல்லுமுன்பே நாற்காலியில் அமர்ந்தார். கேட்டவரின் முகத்தைப் பாராமல், மேசை விளிம்பைப் பார்த்தபடியே பதில் சொன்னார். பதில்களில் ஒரு குறையுமில்லை. அவர் வெளியேறியதும் குழுத் தலைவர், நம்மவர்தான், தாளில் "மரியாதை தெரியாதவர், எதையோ மறைக்கிறார்" என்று எழுதி அழுத்தமாக அடிக்கோடிட்டார். பெரியவர்களைவிடத் தலை உயர நிற்பதும் அவர்களை நேருக்கு நேர் பார்ப்பதும் ஜூலு வீடுகளில் துடுக்குத்தனம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "வேலைக்கு வருகிறவர் ஊர் வழக்கத்தைக் கற்க வேண்டாமா?" என்றார். ஜூலு மக்களின் தாயகமான குவாஜூலு-நடால் மாகாணத்தில் இருந்துகொண்டு அவர் எந்த ஊர் வழக்கத்தைச் சொன்னாரோ! பெரியவரைக் கண்டு எழுந்து நிற்கும் நாமும், உட்கார்ந்துவிடும் அவரும் காட்டுவது ஒரே மரியாதையைத்தான்.

பீனிக்ஸிலிருந்து:
மேலே எழுதியவரோடு பாதிதான் உடன்படுகிறேன். பக்கத்து வீட்டில் மூதாதையருக்கு ஆடு அறுத்தார்கள். ஆடு கத்தினால்தான் முன்னோர் செவிசாய்த்ததாக அவர்கள் நம்பிக்கை. அந்தக் கத்தலில் என் மருமகள் அடுப்பைக்கூட அணைக்காமல் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். நகராட்சிக்குப் புகார் எழுதியதோ எதிர்வீட்டுக்காரர்; ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிச் சேவல் அறுக்கும் குடும்பம் அது. கேட்டால், "நம்முடையது பிரார்த்தனை" என்கிறார். இது பாரபட்சம், சந்தேகமில்லை. ஆனால் சுத்த சைவமான என் மருமகள் ஆட்டுக்கும் சேவலுக்கும் சேர்த்தே அழுகிறவள். 2009இல் ஜூலு மன்னரின் முதற்கனி விழாவில் வெறுங்கையால் காளையைக் கொல்வதைத் தடுக்கக் கேட்டு விலங்குரிமையாளர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், வழக்கு தள்ளுபடியானது. அங்கே இருதரப்பும் ஒரே விழுமியத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் காட்டினார்கள் என்று சொல்ல முடியுமா?

வெருலத்திலிருந்து:
என் மகளின் மூக்குத்தியைப் பார்த்த ஆசிரியை, "இது உங்கள் மதத்தில் கட்டாயமா?" என்று கேட்டார். கட்டாயமில்லை, பாட்டி போட்டுவிட்டது என்று அவள் சொன்னதும், "அப்படியானால் கழற்று" என்று உள்ளங்கையை நீட்டினாராம்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இதே கேள்வி டர்பன் பள்ளி ஒன்றைப் பற்றிய வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2007இல் தீர்ப்பாயிற்று. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும்போதே எழுத்தில் விலக்குக் கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், தீர்ப்பின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், பிள்ளையைத் தனியே பேசவிட்டு வாசலில் நிற்காதீர்கள்.

பீனிக்ஸ் அம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விழுமியங்கள் ஒத்துப்போகா என்று சொல்லும்போது சற்று நிதானம் தேவை. அந்தந்த இனத்துக்கு அதனதன் வாழ்முறை, ஆகவே தனித்தனியே இருங்கள் என்பதுதான் நிறவெறி அரசின் வாதம். 1948இல் மனித உரிமைப் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தபோது, வாக்களிக்காமல் ஒதுங்கிய 8 நாடுகளில் நம் நாடும் ஒன்று.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
வெருலத்துக்காரர் 1948ஐச் சொல்லி 1913ஐ விட்டுவிட்டார். அந்த ஆண்டு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை ஏற்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்றது. நம் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு சமூகத்தின் வழக்கமே பொது அளவுகோல் என்று அங்கே அமர்த்தப்பட்டது. அப்பா காலமானபின் அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு இல்லை என்றதும், எதிரே நின்ற மூன்று பிள்ளைகளையும் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, எழுத்தர் படிவத்தில் "மணமாகாதவர்" என்று நிரப்பினார். ஆப்பிரிக்க மரபுத் திருமணங்களை ஏற்க 1998இல் தனிச்சட்டமே வந்தது. நம் கோயில் திருமணத்துக்கு, அதிகாரம் பெற்றவர் முன் பதிவு செய்துகொள்வதுதான் இன்றும் வழி.