வேலூர் பக்கம் குடிவந்தவர்களே, வாங்கும் முன் வாடகைக்கு இருந்தீர்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தஞ்சாவூரான்:

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். வாடகை கொடுப்பது தண்டம், கையில் கொஞ்சம் இருக்கிறது, லோனும் கிடைக்கும், நேராக வாங்கிவிடு. மாமனார் ஒருபடி மேலே போய் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கவே கிளம்பிவிட்டார். நான்தான் பிடிவாதமாக, அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போகலாம் என்றேன். பெரிய ஞானமெல்லாம் இல்லை, வெறும் கணக்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. வீட்டை 50 லட்சத்துக்குப் பதிந்தால் நாலரை லட்சம் அரசாங்கத்துக்குப் போய்விடும், அப்புறம் இடம் பிடிக்கவில்லை என்று விற்றாலும் அந்தப் பணம் போனது போனதுதான். என் வாடகை 11,000. அந்த நாலரை லட்சத்தில் நாற்பது மாதம் குடியிருக்கலாம். இதைச் சொன்னதும் மாமனார், "நாப்பது மாசம் கழிச்சு வீட்டு விலை எங்க நிக்கும் மாப்ள?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

முதலில் தெரிந்துகொண்டது தண்ணீர். குடிபோன வாரமே ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா கேட்டைத் தட்டி, "இன்னா சார் தூங்கினு கீறீங்க, தண்ணி வுட்டுட்டாங்க, மோட்டார் போடுங்க, வுட்டா அப்புறம் எப்போ வருமோ" என்றார். பைப்பில் வருவது மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரி. தஞ்சாவூரில் பிறந்து காவிரியில் விழுந்து எழுந்தவனுக்கு, எங்களுக்கு முன்னாலேயே மேட்டூரில் எடுத்து இங்கே அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் கொஞ்சம் பொறாமை, அப்புறம் சம்ப் (தரைக்கடித் தொட்டி) நிறையுமா என்ற கவலை. எந்தத் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், பிரஷர் எப்படி, மேட்டில் இருக்கும் வீட்டுக்கு ஏறுகிறதா, இதையெல்லாம் விற்கிறவர் சொல்லமாட்டார், புரோக்கருக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

மாமனார் பார்த்து வைத்த வீட்டுக்கு நிதானமாக இன்னொருமுறை போனேன். சுவரெல்லாம் புதுப் பெயின்ட், ஹாலில் பளபளவென்று டைல்ஸ். இந்தமுறை நேராகப் பின்பக்க பாத்ரூமுக்குப் போய் ஷவரைத் திறந்தேன். ஷவர் முகத்தில் முக்கால்வாசி ஓட்டை வெள்ளையாக உப்புப் பூத்து அடைத்துக் கிடந்தது, மிச்சம் இருந்த இரண்டு மூன்று ஓட்டையில் தண்ணீர் பக்கவாட்டில் சீறிச் சுவரில் அடித்தது. குழாய்க் கழுத்தைச் சுற்றி நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்கு உப்புப் படிவு. போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. அங்கே குடியிருந்தவரிடம் கேட்டதற்கு, "கீசர் காயில் வருசா வருசம் மாத்துவோம் சார்" என்று சாதாரணமாகச் சொன்னார். வீடு பார்க்கப் போகிறவர்கள் பூஜை ரூம் எந்தத் திசை என்று பார்ப்பதற்கு முன்னால் ஷவரைப் பாருங்கள்.

அடுத்து வெயில். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது ஊருக்கே தெரியும். தெரியாதது என்னவென்றால் ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு அது மாறும் என்பது. சுற்றிலும் பாறை மலை, பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் கக்கும். நாங்கள் இருந்தது மேல்மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் கை சுடும். மார்கழிக் குளிரில் வந்து பார்த்து வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

மழைக் கதை இன்னும் முக்கியம். சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார். ஆறு 2021 நவம்பரில் வந்தது, வந்த வேகத்தில் கரையோரம் மனை போட்டவர்களுக்கெல்லாம் பாலாறு என்றால் என்ன என்று புரிந்தது. ஆறு மட்டும் இல்லை, ஏரி நிரம்பினால் கன்சால்பேட்டை, நிக்கல்சன் கால்வாய் ஓரம் இங்கெல்லாம் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். நாங்கள் ஒரு ஐப்பசி கார்த்திகை முழுக்க, மழை விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு பார்த்து வைத்திருந்த தெருக்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றுவோம். முழங்கால் தண்ணீரில் நிற்கும் மனையை லிஸ்டில் இருந்து அடித்துவிடுவோம். அப்படி அடித்து அடித்து மிஞ்சிய வீடு, அதே சத்துவாச்சாரியில் வேறு பகுதியில், தரைத்தளம், கிழக்குப் பார்த்தது. மாமனாருக்கு இன்னும் அந்தப் பழைய வீட்டின் மேல்தான் கண்.

காகிதப்பட்டறை அக்கா:

தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்றால் முதலில் வாடகை வீடு கிடைக்க வேண்டுமே. நான் ஆஸ்பத்திரி வேலைக்காக வந்தவள், பிள்ளைகள் இரண்டு, மாமியாரும் கூட. சிஎம்சி ஆஸ்பத்திரி சுற்றுவட்டாரத்தில் கேட்டுப் பாருங்கள், வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் ஓனருக்கு இரட்டிப்பாகக் கிடைக்கிறது. தெருவில் பாதிப் பலகை வங்காள எழுத்தில்தான் இருக்கும். மாத வாடகைக் குடும்பம் என்றால் யோசிப்பார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஓனர் திடீரென்று "பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், வீடு வேணும்" என்றார். காலி செய்தோம். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் வாசலில் ரூம் வாடகைப் பலகை தொங்குகிறது!

எழுத்தில் ஒன்றும் இல்லாததால் சண்டை போட முடியவில்லை. அதற்கப்புறம்தான் படித்தேன், தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. நடைமுறையில் இங்கே பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற ஓனரும் உண்டு, "வேணும்னா வாங்க, இல்லன்னா விடுங்க" கதைதான். ஆனாலும் ஒப்பந்தத்தை மட்டும் எழுதாமல் விடாதீர்கள். இரண்டாவது வீட்டில் கரன்ட் பில்லையும் சேர்த்து எழுதினேன். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிறார்கள், 100 யூனிட் இலவசம் ஓனர் கணக்கில் போய்விடுகிறது.

அப்புறம் அந்தக் கேள்வி, "நீங்க சைவமா?" என்று. ஆம்பூர் பிரியாணி ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறவர்களை என்ன சொல்ல!

காந்திநகர் பெரியவர்:

எல்லாரும் வாடகைக்கு இருங்கள் என்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்று வந்தபோது காட்பாடி காந்தி நகரில் நேராக வாங்கிவிட்டேன். வாடகைக்கு இருந்ததே இல்லை. ஆனால் என் மச்சான் அந்தத் தெருவிலேயே வருடக்கணக்காக இருந்தார், எந்த வீட்டுப் போர் எப்போது வற்றும் என்பது வரை அவருக்கு மனப்பாடம். அப்படி ஒரு ஆள் இருந்தால் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டியதில்லை. இல்லாதவர்கள் இருங்கள், தப்பில்லை. ஆனால் சும்மா "பார்க்கலாம் பார்க்கலாம்" என்று இழுத்தால் ஆகாது. காட்பாடிப் பக்கம் விஐடி பல்கலைக்கழகம் வந்த பிறகு மனை விலை நின்ற இடத்தில் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வாடகை வீட்டிலேயே இருந்து இருந்து, கடைசியில் பட்ஜெட்டுக்கு ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளித்தான் வாங்க முடிந்தது. ஒரு வெயில், ஒரு மழை பாருங்கள், அதற்கப்புறம் முடிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று, பாலாற்றுக்கு எந்தக் கரை, ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்துவிட்டு வீடு தேடுங்கள். 2022இல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் ஸ்கூலும் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சாதாரண நாளிலேயே காலையில் கிரீன் சர்க்கிளைக் கடப்பதற்குள் பிள்ளை வேனில் தூங்கிவிடும். வாடகை வீடு எடுக்கிறவர்கள், வாங்க நினைக்கிற அதே பக்கத்தில் எடுங்கள்.

போகியத்துக்காரன்:

பெரியவர் ஐயா மாதிரி நேரடியாக வாங்காமலும், வாடகையும் கொடுக்காமலும் நடுவில் ஒரு வழி என்று போகியத்துக்குப் போனேன். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது தொகை திரும்பிவரும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டில் பசை ஈரம் காயாமல் ஒரு நோட்டீஸ். ஓனர் அந்த வீட்டின் மேல் லோன் வாங்கிக் கட்டவே இல்லை, பேங்க் சொத்தைக் கையகப்படுத்தப் போவதாக எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் போன் சுவிட்ச் ஆஃப். என் போகியப் பணம் அவர் கையில்.

நல்லவேளையாக அவருடைய அண்ணன் நடுவில் வந்து பேசி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பகுதி இன்னும் பாக்கி. வில்லங்கம் பார்ப்பது வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம். பத்திரத்தை அடமானம் வைத்து அதைப் பதிவு செய்திருந்தால் அதில் தெரியும். போகியத்துக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிட்டு, போகியப் பத்திரத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓனர் முகம் சுளித்தால் வேறு வீடு பாருங்கள்.

தஞ்சாவூரான்:

அண்ணே, பாக்கி சீக்கிரம் வந்துவிட வேண்டும். பதிவு செய்ய ஓனரை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது என்பதையும் யாராவது எழுதினால் நல்லது. என் ஓனர் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடவே யோசித்தார்.

வாலாஜா தம்பி:

நான் இன்னும் வாங்கவில்லை, ராணிப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறேன். சிப்காட்டுக்குப் பக்கம் என்று மனை மலிவாகக் காட்டுகிறார்கள். மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு பல வருடமாக அங்கேயே குவிந்து கிடக்கிறது, அதன் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்தது ஊரறிந்த விஷயம். தோல் தொழிற்சாலை இருக்கும் பக்கமெல்லாம் போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்க்காமல் மனை வாங்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் வேலூர்ப் பக்கமே வந்துவிடலாமா என்று யோசனை. பாகாயம், ஓட்டேரிப் பக்கம் கோடையில் போர் தாங்குகிறதா, குழாய்த் தண்ணீர் எப்படி வருகிறது? அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வீடு சித்திரைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும்.