கிளவுடில் ஏற்றிய பழைய படங்கள் எல்லாம் 1970 ஜனவரி 1 என்று காட்டுகின்றன, உதவி தேவை

யாங்கோன் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த 340 பழைய படங்களை ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றி வருகிறேன். 1964ல் இங்கே பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது சென்னையிலும் சிவகங்கைப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களும் போனிலேயே பார்க்கட்டும் என்றுதான் இந்த வேலை.

சிக்கல் இதுதான். செயலியில் எந்தப் படத்தைத் திறந்தாலும் "1970 ஜனவரி 1, காலை 6:30" என்று வருகிறது. செயலியிலேயே உட்கார்ந்து 60 படங்களுக்குத் தேதி மாற்றி, யார் யார் என்று குறிப்பும் எழுதினேன். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் அவற்றை இறக்கிப் பார்த்தால் தேதியும் இல்லை, குறிப்பும் இல்லை. மூன்று ராத்திரி வேலை. எங்கே போனது? என்னிடம் கணினி இல்லை, போன் மட்டும்தான்.

மோல்மேன் அண்ணன்:
தங்கச்சி, முதலில் அந்த 6:30. கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன, அதுவும் கிரீன்விச் கணக்கில். உங்கள் ஸ்கேனில் எடுத்த தேதி என்று எதுவும் இல்லாததால் செயலிக்குக் கிடைத்தது பூஜ்யம். நம் நாட்டு நேரம் கிரீன்விச்சைவிட ஆறரை மணி முன்னால். அதனால் பூஜ்யம் இங்கே காலை 6:30 ஆகிறது. சென்னையில் அதே படம் 5:30 என்று காட்டும், கேட்டுப் பாருங்கள். படம் கெடவில்லை, பயப்படாதீர்கள்.

இனி அந்த 60 படங்கள். அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையின் மேல் எழுதுவது ஒன்று, கடைப் பேரேட்டில் எழுதுவது வேறொன்று. செயலியில் நீங்கள் மாற்றிய தேதி அந்த நிறுவனத்தின் பேரேட்டில்தான் இருக்கிறது. மூட்டை வெளியே போகும்போது பேரேடு கூடப் போகாது. சில சேவைகளில் மொத்தமாக இறக்கினால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் (JSON) கோப்பு, அதாவது விவரங்களை எழுத்தாக வைத்திருக்கும் சின்னக் கோப்பு வரும், உங்கள் தேதியும் குறிப்பும் அதில் இருக்கும். எனவே உழைப்பு வீண் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த படங்களுக்கு வரிசையை மாற்றுங்கள்: ஏற்றுவதற்கு முன்பே படக் கோப்புக்குள் எழுதிவிடுங்கள். எக்ஸிஃப் (EXIF) என்பது படக் கோப்புக்குள்ளேயே தேதி போன்ற விவரங்கள் தங்கும் இடம். எக்ஸிஃப் எடிட்டர் என்று தேடினால் ஆண்ட்ராய்டில் கிடைக்கும். அதில் "எடுத்த தேதி" என்ற இடத்தை நிரப்புங்கள். அது எழுத்தாகவே பதிவாகும், 1970க்கு முந்தைய ஆண்டையும் தாராளமாகப் போடலாம்.

யாங்கோன் பேத்தி:
நன்றி அண்ணா! கேட்டேன், அவனுக்கு 5:30 என்றுதான் காட்டுகிறதாம். ஒரு படத்தை வைத்துச் சோதிக்கப் போகிறேன். அப்பத்தா கடை வாசலில் நிற்கும் படம். பின்பக்கத்தில் தாத்தா பென்சிலால் "விகாரி, தை" என்று எழுதியிருக்கிறார். விகாரி என்றால் 1959 என்று பார்த்தேன். 1959 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்று போட்டால் போதுமா?

தட்டோன் அக்கா:
அதில் இரண்டு திருத்தம் தங்கச்சி. விகாரி 1959 ஏப்ரலில், சித்திரையில் பிறந்தது. அந்த வருஷத்துத் தை, 1960 ஜனவரி நடுவில்தான் வரும். 1959 என்று போட்டால் ஒரு வருஷம் பின்னால் போய்விடும்.

அப்புறம், நாள் தெரியாத படத்துக்கு நள்ளிரவு போடாதீர்கள், பகல் 12 மணி போடுங்கள். இங்கே நள்ளிரவு என்றால் சென்னையில் முந்தைய நாள் இரவு 11 மணி. செயலி நேரத்தை மாற்றிக் காட்டினால் படம் முந்தைய நாளுக்கும், ஜனவரி 1 என்றால் முந்தைய ஆண்டுக்கும் ஓடிவிடும். எங்கள் கோயில் திருவிழா வீடியோவில் இதேதான் நடந்தது. போன்கள் பெரும்பாலும் வீடியோ நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் எழுதுகின்றன. காலை 5 மணிக்கு எடுத்த பால்குட ஊர்வலம் முந்தைய நாள் இரவு 10:30ல் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் தேடினோம்.

குறிப்பைத் தமிழில் எழுதினால் எக்ஸிஃப் விவரணை இடத்தில் எழுதாதீர்கள். அது ஆங்கில எழுத்துக்காக வகுத்தது, தமிழ் அங்கே கேள்விக்குறிகளாக மாறலாம். எக்ஸ்எம்பி (XMP) விவரணை என்று படக் கோப்புக்குள்ளேயே தனி இடம் இருக்கும். அது யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான முறை, தமிழும் பர்மீயமும் அப்படியே நிற்கும். யூனிகோடு முறைப்படி அமையாத பழைய ஜோஜி எழுத்துருவில் அடித்த பர்மீயக் குறிப்பை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தேடலில் அகப்படாது.

மோல்மேன் அண்ணன்:
அக்கா சொன்னது சரி. கூடவே ஒன்று: உள்ளே எழுதியதும் கோப்பு மாறிவிடும், செயலி அதைப் புதுப் படம் என்று நினைத்து மறுபடி ஏற்றும். ஒரே படம் இரண்டு தடவை தெரிந்தால் 6:30 காட்டுவதை அழியுங்கள், ஆனால் புதியதை இறக்கிச் சரிபார்த்த பிறகுதான். சொந்தக்காரர்களுக்குக் கிளவுட் இணைப்பையே அனுப்புங்கள். அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியதெல்லாம் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் தங்கும். இப்போது போனில் எடுக்கும் படங்களைப் பொதுவில் போடும்போது மட்டும் இருப்பிடத்தை நீக்கிவிடுங்கள். வீட்டு வாசலில் எடுத்த படம் வீட்டையே காட்டிக்கொடுக்கும்.

யாங்கோன் பேத்தி:
வந்துவிட்டது! 1960 ஜனவரி 20, பகல் 12 மணி என்று போட்டு ஏற்றினேன், நாள் மட்டும் உத்தேசம். நேற்று கரண்ட் இல்லை, அதனால்தான் தாமதம். அவன் இறக்கிப் பார்த்தான், தேதியும் "அப்பத்தா, கடை வாசல்" என்ற குறிப்பும் அப்படியே இருக்கின்றன. பழைய 60க்கும் ஜேசன் கோப்புகள் கிடைத்துவிட்டன, அதிலிருந்து எடுத்து எழுதிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். தாத்தா எழுதியிருக்கும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யட்டுமா, இல்லை குறிப்பாக அடித்தால் போதுமா?

தட்டோன் அக்கா:
கட்டாயம் செய்யுங்கள். முன்பக்கத்தின் பெயரையே வைத்து, கடைசியில் "பின்" என்று சேருங்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தேதியும் அதே தேதிதான், நேரத்தை மட்டும் 12:01 என்று போடுங்கள். பென்சில் எழுத்து என்கிறீர்களே, கறுப்பு வெள்ளையில் வேண்டாம், கலரில் ஸ்கேன் செய்யுங்கள்.