நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் ஆய்வுகளும் அந்த சைட்டேஷன் எண்ணும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள் (இணையக் குழு உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மில்காரர் மகள்

அப்பாவின் இடது கை நூல் ஆலை பெல்ட்டில் போய் நான்கு வருடம் ஆகிறது. அந்த விபத்தைப் பற்றி எழுத வரவில்லை. இல்லாத அந்தக் கையின் விரல்கள் இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவார். நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். ராமச்சந்திரனும் டயேன் ராஜர்ஸ்-ராமச்சந்திரனும் 1996இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய கண்ணாடிப் பெட்டிக் கட்டுரை கையில் கிடைத்தது. இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கையே அங்கே இருந்து அசைவதுபோல் தோன்ற வைக்கும் பெட்டி அது. மொத்தமே பத்து நோயாளிகள். ஐந்து பேருக்கு அப்பாவைப் போலவே கை இறுகும் வலி. அதில் நான்கு பேருக்குக் கண்ணாடியில் பார்த்துக் கையைத் திறந்ததும் விட்டுவிட்டது என்று இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

மருத்துவமனையில் கேட்டேன். "பத்துப் பேரை வச்சு என்னம்மா சொல்ல முடியும்?" என்றார் மருத்துவர். நான் போனை எடுத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே இருக்கும் சைட்டேஷன் எண்ணை, அதாவது எத்தனை கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்ற எண்ணைக் காட்டினேன். ஆயிரத்துக்கும் மேல். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை உற்றுப் பார்த்தார். "ஓ, அப்படியா. சரி, செஞ்சு பாருங்க" என்றார்.

எனக்கு உறுத்துவது இதுதான். அப்பா அழுததைச் சொன்னபோது அவர் அசையவில்லை. கட்டுரையில் இருந்ததைச் சொன்னபோதும் அசையவில்லை. எண்ணைப் பார்த்ததும் சம்மதித்துவிட்டார். அந்த ஆயிரம் பேரும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெட்டியை வீட்டிலேயே செய்தேன். அட்டைப்பெட்டி, நடுவில் செங்குத்தாக ஒரு முகக்கண்ணாடி. அப்பா வலது கையை உள்ளே விட்டு, மூடி, மெல்லத் திறந்தார். "விரியுது பாப்பா" என்றார். அப்புறம் தலையைச் சாய்த்துக் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் முன்னால் வந்து பார்த்தார்.

பாதி ஆய்வு

சகோ, நீங்கள் சொன்ன எண்ணின் மறுபக்கத்தை நான் பார்த்தேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சி மையத்தில் என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தரவு சேகரித்துக்கொண்டிருந்தேன். ஆறு வயதுப் பையனின் அம்மா ஒருவர் லேமினேட் செய்த தாளை நீட்டினார். வேறொரு மையம் கொடுத்த விளம்பரம். 'உடைந்த கண்ணாடி' கோட்பாடு, ராமச்சந்திரனின் பெயர், எத்தனை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண், கீழே கட்டணம். "இவனுக்குள்ள அந்தக் கண்ணாடி உடைஞ்சிருக்காப்பா?" என்று கேட்டார்.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். அடுத்தவர் செய்வதைப் பார்க்கும்போது நம் மூளையிலும் துடிக்கும் கண்ணாடி நரம்பணுக்கள் ஆட்டிசத்தில் சரியாக இயங்கவில்லை என்று ஓபர்மேனும் ராமச்சந்திரனும் குழுவினரும் 2005இல் எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள பத்துப் பேர், இல்லாத பத்துப் பேர், தலையில் மின்முனைகள், மியூ அலை (நாம் அசையும்போதும் அடுத்தவர் அசைவதைப் பார்க்கும்போதும் அடங்கும் மூளை அலை) அடங்குகிறதா என்ற அளவீடு. 2006இல் சயின்டிஃபிக் அமெரிக்கனில் அந்தத் தலைப்போடு வந்ததும் உலகம் முழுக்கப் பரவியது. 2008இலேயே சவுத்கேட்டும் ஹாமில்டனும் 'உடையாத கண்ணாடிகள்' என்று மறுப்பு எழுதினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடமும் மியூ அலை சரியாகவே அடங்குகிறது என்று வேறு ஆய்வுகள் வந்தன. 2016இல் ஹாப்சனும் பிஷப்பும் அந்த அலையை நம்பி கண்ணாடி நரம்பணுக்களை அளக்க முடியுமா என்பதையே கேள்விக்கு உள்ளாக்கினார்கள்.

இதைச் சொன்னேன். அந்த அம்மா தாளில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "இத்தனை பேர் எடுத்துக்காட்டி இருக்காங்களே, அப்ப எப்படித் தப்பாகும்?" மறுத்து எழுதியவர்களும் அந்த எண்ணில்தான் சேர்வார்கள் என்று விளக்கினேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அப்புறம், ஏதோ தப்பை ஒப்புக்கொள்வதுபோல் மெதுவாகச் சொன்னார்: "நான் சேலைக்குக் கொசுவம் வைக்கிறப்போ இவன் துண்டை எடுத்து அதே மாதிரி மடிப்பான். அதைச் சொன்னா அங்க யாரும் கேட்கல."

ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பார்த்து மடிப்பு வைக்கிறான். அதைக் கண்ணால் பார்த்தவர், ஒரு எண்ணைக் காட்டியதும் தன் கண்ணையே சந்தேகப்படுகிறார்.

கோவை பிசியோ

மேலே எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டியும் உடைந்த கண்ணாடியும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது என்பதால் மற்றதும் அப்படித்தான் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பெட்டியை மற்றவர்கள் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: கண்ணாடி, துணி மூடிய கண்ணாடி, மனதில் கற்பனை. நான்கு வாரத்தில் கண்ணாடிக் குழுவில் எல்லோருக்கும் வலி குறைந்தது. மற்ற இரண்டிலும் சிலருக்குக் கூடியது. 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. பக்கவாதத்துக்கு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு 62 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, கை கால் இயக்கம் மேம்படுகிறது என்றது. இல்லாத உறுப்பின் வலிக்குச் சான்று இன்னும் கலவையாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சோதிக்கிறார்கள் அல்லவா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. சர்க்கரையில் கால் எடுத்த பெரியவர் ஒருவர், கண்ணாடியில் இரண்டு பாதமும் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வலி குறைந்ததா என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

மில்காரர் மகளே, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். போன கையில் இல்லாத ஒன்று கண்ணாடியில் தெரிந்தால் மூளை ஒப்புக்கொள்ளாது. முகக்கண்ணாடி போதாது, முழங்கை வரை தெரிகிற அளவு வாங்குங்கள். விளிம்பில் டேப் ஒட்டுங்கள். ஸ்டம்ப் (கை போன பிறகு மிஞ்சியிருக்கும் பகுதி) கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், டிவி ஓடாத அறை. முதல் சில நாள் கையை அசைக்காமல் சும்மா பார்க்கச் சொல்லுங்கள். வேகம் வேண்டாம், இரண்டு கையும் ஒன்றாகத் திறப்பதாக நினைத்துச் செய்ய வேண்டும். தலை சுற்றினாலோ வலி கூடினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எத்தனை மணிக்கு வலி வந்தது, பத்துக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பின்னால் மருத்துவரிடம் பேசும்போது சைட்டேஷனைவிட அந்த நோட்டு உதவும். அழுகை வந்தால் பக்கத்தில் இருங்கள், தடுக்காதீர்கள்.

நேர்காணல் 4

கோவை அக்கா சொல்வது சரி, ஆனால் அந்த எண்ணை விட்டுவிட முடிகிற இடத்தில் எல்லோரும் இல்லை.

நரம்பியல் உதவிப் பேராசிரியர் நேர்காணல். கல்லூரிப் பெயர் வேண்டாம். "உங்க எச்-இண்டெக்ஸ்?" "நாலு." கோப்பு மூடும் சத்தம் கேட்டது. நான் எதைப் பற்றி ஆய்வு செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, என் நான்கு கட்டுரைகளின் பெயரையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு மேற்கோள், அதுதான் எச் 4. மேற்கோள் எண்ணை வைத்து ஆய்வாளரை அளக்கும் கணக்கு இது. இப்போது அந்தப் பத்து நோயாளிக் கட்டுரையை மட்டும் எழுதிவிட்டு ஒருவர் நின்றிருந்தால்? ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் அவருடைய எச் வெறும் 1. அதே நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கும் கோப்பு மூடப்படும். இந்த அளவுகோலை 2005இல் முன்வைத்த ஜோர்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர், சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர். ராமச்சந்திரன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகம். இதனால் எதிர்பாராத கெடுதலும் உண்டு என்று ஹிர்ஷே 2020இல் எழுதிவிட்டார். நம் ஊர்த் தேர்வுக்குழுக்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஏழாம் வகுப்பு டீச்சர்

நான் ஆய்வாளர் இல்லை. பூபா, கிகி பற்றி மட்டும் சொல்கிறேன்.

ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001இல் எழுதியது. ஒரு உருண்டை வடிவம், ஒரு கூர்முனை வடிவம், எது பூபா, எது கிகி என்று கேட்டால் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் உருண்டையைத்தான் பூபா என்பார்கள் என்று படித்தேன். கரும்பலகையில் இரண்டையும் வரைந்து கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் உருண்டையைக் காட்டி "கிகி" என்றாள். மற்றவர்கள் சிரித்ததும் நானும் "நல்லா பாரு" என்றேன். அவள் கையை இறக்கிவிட்டாள். மணி அடித்த பிறகு வந்து சொன்னாள்: "கிகி எங்க வீட்டுப் பூனை டீச்சர். அது உருண்டையாத்தான் இருக்கும்."

அவளை முதலிலேயே ஏன் என்று கேட்காமல் விட்டது இன்னும் மனதில் கிடக்கிறது.

பாதி ஆய்வு

டீச்சர், இதே வகைச் சோதனையை உளவியலாளர் கோலர் 1929இலேயே செய்துவிட்டார், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்னால் 25 மொழிகளில் செய்து பார்த்தபோது சராசரி 72 சதவீதம்தான் வந்தது. அப்போதும் பெரும்பான்மைதான், ஆனால் 95 இல்லை. முதல் எண்ணைத்தான் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள், இரண்டாவதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கோவை அக்கா, பெட்டியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். இரண்டையும் கட்டியது என் தவறு.

மில்காரர் மகள்

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வால்டர் ரீட், துணி மூடிய கண்ணாடி, டீச்சருடைய மாணவி, எல்லாம் கேட்டார். அப்புறம் கட்டுரையின் அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். ஐந்து பேருக்கு இறுகியது, நான்கு பேருக்கு விட்டது.

"மிச்சம் ஒருத்தர் இருந்தாரே, அவர் ராத்திரி எப்படித் தூங்கினாரு?" என்று கேட்டார்.

பிசியோ அக்கா, மோதிரத்தைக் கழற்றிவிட்டோம். சோப்பு போட்டுத்தான் வந்தது. பெரிய கண்ணாடி நாளைக்கு வாங்குகிறேன். நோட்டு போட்டாயிற்று. முதல் பக்கத்தில் அப்பாவே வலது கையால் தேதி எழுதினார்.