ஏழுக்குப் பிரித்தால் வரும் அந்த எண்: உங்களுக்கும் நடந்ததா?

ஹட்டன் பையன்

சிவனொளிபாத மலை சீசனுக்கு ஏழு பேர் சேர்ந்து மலையடிவார ஊரான நல்லதண்ணிக்கு ஒரு வேன் பிடித்தோம், வாடகை 10,000 ரூபா. போனில் ஏழுக்குப் பிரித்தால் 1428.57. சரி, ஆளுக்கு 1430 போடுவோம், 10 ரூபா டிரைவர் அண்ணனுக்குப் போகட்டும் என்று முடித்தோம். நோர்வூட் தாண்டும்போது ஒருத்தன், காத்திருந்து திரும்பக் கூட்டிவந்தால் 20,000 ஆகுமே என்று மறுபடி தட்டினான். 2857.14. சாப்பாட்டோடு 30,000 என்றால் 4285.71. அதே 1, 4, 2, 8, 5, 7தான், தொடங்கும் இடம்தான் மாறுகிறது! மஸ்கெலியா வரும்வரை வேனில் வேறு பேச்சே இல்லை. 142857ஐ இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் 428571, ஆறால் 857142. ஏழால் பெருக்கினால்தான் ஆட்டம் கலைகிறது, 999999. கூட வந்த மாமா ஒருத்தர் இது சாமி எண் என்றே முடிவு கட்டிவிட்டார்.

பதுளை கணக்கு வாத்தியார்

சாமி வரைக்கும் போக வேண்டாம் தம்பி, மாமாவிடம் ஒரு தாளைக் கொடுத்து 1ஐ 7ஆல் கையால் வகுக்கச் சொல்லுங்கள். 10இல் ஒரு ஏழு, மீதி 3. 30இல் நாலு, மீதி 2. 20இல் இரண்டு, மீதி 6. அப்புறம் மீதி 4, 5, கடைசியில் மறுபடி 1. ஏழால் வகுத்து மீதி வருவதென்றால் 1 முதல் 6 வரைக்கும்தான் வரும், ஆறும் வந்து தீர்ந்தபின் பழைய வரிசையே திரும்ப ஓடும். உங்கள் 20,000 அதே வரிசையில் வேறொரு மீதியில் ஏறிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கரும்பலகையில் போட்டால் பின்வாங்கில் தூங்குகிறவனும் வேறு எண்ணுக்கு வருமா சேர் என்று கேட்பான். 13க்கு வராது, அங்கே 076923, 153846 என்று இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடும். 17க்கு வரும், 0588235294117647 என்று 16 இலக்கம். இப்படி எல்லா மீதியும் வந்து முழுச் சுற்றும் போகிற முதன்மை எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று கணித அறிஞர் எமில் ஆர்ட்டின் 1927இல் ஊகித்தது சரிதானா என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. கணக்கு என்றால் எல்லாவற்றுக்கும் விடை பின்பக்கத்தில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், முழிப்பார்கள்.

நுவரெலியா அம்மா

எனக்குப் பிடித்தது 19. மழைக்குக் கரண்ட் போய், போனில் சார்ஜும் இல்லாமல் மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள், கொப்பியின் வலது ஓரத்தில் 2 என்று எழுதச் சொன்னேன். அதை இரட்டித்து இடப்பக்கம் 4, அப்புறம் 8, அப்புறம் 16. அதில் 6ஐ எழுதி 1ஐ மனதில் வைத்து, 6ஐ இரட்டித்து அந்த 1ஐக் கூட்டினால் 13, 3ஐ எழுதி 1 மனதில். இப்படியே போனால் 105263157894736842 வந்து, அதற்கப்புறம் மறுபடி 2இலேயே தொடங்கும். 2ஐ 19ஆல் வகுத்தால் திரும்பத் திரும்ப வருகிற வரிசையும் இதுதான். இப்போது கடைசி 2ஐப் பிடுங்கி முன்னால் வையுங்கள், 210526315789473684. அச்சொட்டாக இரண்டு மடங்கு! கடைசி இலக்கத்தை முன்னால் கொண்டுபோனதும் இரட்டிப்பாகிற எண்களில் இதுதான் மிகச் சிறியது, 17 இலக்கத்துக்குள் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. கடைக் கல்குலேட்டரில் சரிபார்க்கப் போகாதீர்கள், இலக்கம் கொள்ளாது, கையால் பெருக்குவதுதான் வழி.

மூன்று மடங்காகிற எண் இருக்கா என்று அடுத்த கேள்வி வந்தது. இருக்கு. 3இல் தொடங்கி, இரட்டிக்காமல் மூன்றால் பெருக்கிக்கொண்டே இடப்பக்கம் போங்கள், 28 இலக்கத்தில் நிற்கும். கொப்பியைக் கிடையாகத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு வரி போதாது.