எந்தக் கவுன்சிலிடம் போய் நின்றீர்கள்?

சந்தை கூடுகிற ஒரு சின்ன இங்கிலாந்து ஊரில் இருக்கிறோம். ஊர்ப் பெயரில் ஒரு டவுன் கவுன்சில், கழுத்தில் சங்கிலி போட்ட மேயர் எல்லாம் உண்டு, ஆனால் ரோட்டுக் குழிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ரோடு, பல ஊர்கள் சேர்ந்த பெரிய வட்டாரமான கவுண்டியின் கவுன்சிலுடைய பொறுப்பு. போன குளிர்காலத்தில் ஒரு குழியில் இறங்கி டயர் போச்சு, நஷ்டஈடு கேட்டு எழுதினேன். ரோட்டை முறையாகப் பார்வையிட்டுத்தான் வருகிறோம், அந்தக் குழியைப் பற்றி முன்னால் யாரும் சொல்லவில்லை, அதனால் பணம் கிடையாது என்று பதில் வந்தது. 1980ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டம், 58ஆவது பிரிவு, அப்படிச் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே குழியைக் கண்டதுமே எழுதிப் போட்டுவிடுங்கள். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் வரைபடத்தில் இடத்தைக் காட்டினால் போதும், உரிய கவுன்சிலுக்குப் போய்விடும், அடுத்து டயரைப் பறிகொடுப்பவருக்காவது உதவும். உங்கள் ஊர்க் கதைகளைச் சொல்லுங்கள்.

*

குப்பை இதைவிட வேடிக்கை. வாசல் தொட்டியை எடுப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் (இங்கே டிஸ்ட்ரிக்ட் என்றால் கவுண்டிக்குள் ஒரு பகுதி), எடுத்ததை என்ன செய்வது என்பது கவுண்டியின் தலைவலி. நாம் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் போடுகிற கிடங்கும் கவுண்டியுடையதுதான். பழைய சோபாவை வந்து எடுப்பீர்களா என்று கிடங்கில் கேட்டேன், டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போன் பண்ணச் சொன்னார்கள், அங்கே காசு கட்டினால் வருவார்களாம். கவுன்சில் டாக்ஸ் என்கிற வீட்டு வரி பில்லை டிஸ்ட்ரிக்ட்தான் அனுப்புகிறது, அதனால் ஊரே அவர்களைத்தான் திட்டுகிறது. பில்லைக் கொஞ்சம் நின்று படியுங்கள்: பெரும்பங்கு கவுண்டிக்கு, அதில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கென்றே ஒரு தனித் தொகை, அப்புறம் போலீஸ், தீயணைப்பு. டவுன் கவுன்சிலுக்குப் போவது சொற்பம்.

*

அந்தச் சொற்பத்தைச் செலவு செய்கிற கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்! இலங்கை பாஸ்போர்ட்தான், காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இங்கே ஓட்டு உண்டு, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருப்பதால் கவுன்சிலராகவும் இருக்கலாம். ஓர் இடம் காலியானபோது, தேர்தல் வேண்டும் என்று பத்து வாக்காளர்கள் கேட்டிருந்தால் தேர்தல் நடந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, கவுன்சிலே என்னைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் கிடையாது. சந்தைக் கடைகள், கல்லறைத் தோட்டம், பெஞ்சு, பஸ் நிழற்குடை, காய்கறி போட வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலம், இவ்வளவுதான் எங்கள் கையில். வீடு கட்ட அனுமதி கொடுப்பது டிஸ்ட்ரிக்ட், எங்களிடம் கருத்து மட்டும் கேட்பார்கள், ஆனால் புதுக் குடியிருப்பு வந்ததற்கு நான்தான் காரணம் என்று சூப்பர்மார்க்கெட் வரிசையில் வைத்தே சண்டைக்கு வருகிறார்கள். அலாட்மென்ட் விஷயத்தில் மட்டும் நாங்கள் தட்டிக்கழிக்க முடியாது. 1908ஆம் வருடச் சட்டப்படி ஆறு வாக்காளர்களோ கவுன்சில் டாக்ஸ் கட்டுபவர்களோ சேர்ந்து எழுதிக் கேட்டால் பரிசீலித்தே ஆகவேண்டும்.

*

நாங்கள் வடக்கு யார்க்‌ஷயர். 2023 ஏப்ரல் 1 முதல் கவுண்டியும் ஏழு டிஸ்ட்ரிக்ட்டும் ஒன்றாகிவிட்டன. ரோடு, குப்பை, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் ஒரே இடம், அலைச்சல் மிச்சம். டவுன் கவுன்சில்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

*

டவுன் கவுன்சில் அக்காவுக்கு: அலாட்மென்ட் கேட்டு எங்கள் பக்கம் நாலு பேர் தயார், பக்கத்து வீட்டுத் தம்பதியையும் சேர்த்தால் ஆறு. கடிதத்தை மேயருக்கு எழுதணுமா, கவுன்சில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற கிளார்க்குக்கா?

*

கிளார்க்குக்கு, தம்பி. மேயருக்கு எழுதினாலும் கடைசியில் கிளார்க் மேசைக்குத்தான் வரும்.